812 பேர் கை மாறியிருந்தால்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில் ஏறினால், தறிச் சத்தம் பின்னால் போய் வயல் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் மாகறல் வந்துவிடும். செய்யாற்றங்கரை ஊர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். இங்குள்ள திருமாகறலீசுவரர் கோயிலின் தலபுராணத்தில் ஒரு பலாமரம் வருகிறது. நாளுக்கு ஒரு பழம் தரும் மரம். அந்தப் பழத்தைத் தினமும் ஊர்ப் பிள்ளை ஒருவன் தலையில் சுமந்துகொண்டு தில்லைக்கு நடக்க வேண்டும். நடராசருக்குப் படைத்தபின் பிரசாதம் சோழ மன்னனுக்குப் போகும். வீட்டுக்கு ஒரு முறை. தன் முறை வந்த ஒரு சிறுவன், பழத்தைச் சுமப்பதற்குப் பதிலாக மரத்துக்கே தீ வைத்துவிட்டான். மன்னன் கூப்பிட்டு விசாரித்தபோது, ஊர்ச் சனம் படும் பாட்டை நீங்கள் பார்க்கவில்லை, அதனால்தான் கொளுத்தினேன் என்று நேருக்கு நேராகச் சொன்னானாம்.

மன்னன் அவனை நாடு கடத்தினான். கொண்டுபோய் விட்டுத் திரும்பும் வழியில்தான் பொன் உடும்பு கண்ணில் பட்டு, அது புற்றுக்குள் நுழைந்து, கோயில் கதை தொடங்குகிறது. பக்தர்களுக்கு உடும்பு முக்கியம். தேர்தல் பார்ப்பவர்களுக்குப் பையன் முக்கியம். அவனுக்கு அன்று ஓட்டு இருந்திருந்தால் மரம் தப்பித்திருக்கும்.

இந்தச் சாலை போய்ச் சேரும் உத்திரமேரூர், தமிழ்நாட்டுத் தேர்தல் வரலாற்றில் ஒரு ஊஞ்சல். 1989இல் தி.மு.க., 1991இல் அ.தி.மு.க., 1996இல் தி.மு.க., 2001இல் அ.தி.மு.க., 2006இல் தி.மு.க., 2011இல் அ.தி.மு.க. ஆறு தேர்தல், ஆறு மாற்றம். கோட்டையில் எந்தக் கட்சி உட்கார்ந்ததோ அதே கட்சியின் எம்.எல்.ஏ. இங்கும். 2016இல் ஜெயலலிதா ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டார். 1984க்குப் பிறகு ஆளுங்கட்சி திரும்ப வந்தது அப்போதுதான். உத்திரமேரூர் ஊஞ்சலோ பழக்க தோஷத்தில் மறுபக்கம் போய்விட்டது. தி.மு.க.வின் க. சுந்தர் 85,513 வாக்கு வாங்கி, தொகுதியைக் கையில் வைத்திருந்த அ.தி.மு.க.வின் கணேசனை 12,156 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 1989, 1996, 2006 ஆகிய ஆண்டுகளில் அங்கே வென்றவரும் இதே சுந்தர்தான்.

அப்படியென்றால் நான்கு முறை வென்றவர், அடுத்தடுத்து இரண்டு முறை வென்றதில்லை. 2021 ஏப்ரல் 6ஆம் தேதி அவர் சிட்டிங் எம்.எல்.ஏ.வாக மக்கள் முன் நின்றார். எதிரே முன்னாள் அமைச்சர் வி. சோமசுந்தரம், 2001இல் இதே தொகுதியை வென்றவர். மே 2ஆம் தேதி எண்ணி முடித்தபோது சுந்தருக்கு 93,427, சோமசுந்தரத்துக்கு 91,805. வித்தியாசம் 1,622. இந்தப் பக்கம் போட்டவர்களில் 812 பேர் அந்தப் பக்கம் போட்டிருந்தால் ஊஞ்சல் வழக்கம்போலத் திரும்பியிருக்கும். 812 பேர் என்றால் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் இரண்டு பந்தி.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுக்க தி.மு.க. அணிக்குக் காற்று அடித்தது, பத்து ஆண்டுகளுக்குப் பின் ஆட்சியும் கிடைத்தது. உத்திரமேரூரிலோ அதே வேட்பாளரின் வித்தியாசம் பன்னிரண்டாயிரத்திலிருந்து ஆயிரத்து அறுநூறுக்கு இறங்கியது. அவருக்கு விழுந்த ஓட்டு குறையவில்லை, எட்டாயிரம் போலக் கூடியது. எதிரணிக்கு விழுந்தது அதைவிட வேகமாகக் கூடிவிட்டது. 2016இல் பா.ம.க. தனியாக நின்றது, 2021இல் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தது. வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2021 பிப்ரவரி 26ஆம் தேதி, தேர்தல் தேதி அறிவித்த அதே நாளில், பேரவையில் நிறைவேறியது. வட மாவட்டங்களில் இதற்கு என்ன எடை என்று யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒரு எம்.எல்.ஏ. ஐந்து வருடம் எத்தனை வீட்டுப் படி ஏறினாலும், எங்கோ ஒரு மேசையில் போடும் கூட்டணிக் கையெழுத்து அதில் பாதியைக் கரைத்துவிடும்.

காட்பாடியிலும் அந்த மே 2ஆம் தேதி இதே மூச்சுத்திணறல்தான். சபையில் எதிர்க்கட்சிக்காரரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் உட்காருவார் என்று பேரெடுத்த துரைமுருகன், 2016இல் அங்கே இருபத்துமூவாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றவர். 2021இல் 746 வாக்கில் கரை சேர்ந்தார். அன்று அவர் தி.மு.க.வின் பொதுச்செயலாளர் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்படி நூல் இழையில் தொங்கும் விவசாயத் தொகுதியில் நடுவாந்திர மனிதர் ஒருவர் எப்படிப் பிழைக்கிறார்? முதலில் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதே சிக்கல். ‘மிதவாதி’ என்ற சொல் நம்மிடம் உண்டு. ஆனால் அது 1907இல் சூரத் காங்கிரசில் செருப்பு பறந்த காலத்தோடு ஒட்டிக்கொண்ட சொல். கோகலே மிதவாதி, திலகர் தீவிரவாதி, வ.உ.சி. திலகர் பக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. ஊரில் யாரும் தங்கள் எம்.எல்.ஏ.வை மிதவாதி என்று சொல்வதில்லை. “நல்ல மனுஷன்ப்பா, எந்தக் கட்சிக்காரன் போனாலும் உக்கார வச்சுப் பேசுவாரு” என்பார்கள். அதுதான் அந்தச் சொல்லின் ஊர்ப் பேச்சு.

அமெரிக்காவில் இந்த வகை மனிதருக்கு வேறு வழி இருந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் ஏழாவது தொகுதி, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் சோளமும் சோயாவும் விளைகிற பரந்த சீமை. காலின் பீட்டர்சன் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் அங்கே 1990இல் வென்று முப்பது ஆண்டு நாடாளுமன்றத்தில் இருந்தார். பிரதிநிதிகள் சபையின் விவசாயக் குழுவுக்கு இருமுறை தலைவர். 2010இல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். 2019 டிசம்பரில் டிரம்ப் மீதான குற்றச்சாட்டுத் தீர்மானத்தையும் தன் கட்சி கொண்டுவந்ததென்று பாராமல் எதிர்த்தார். கட்சி முகம் சுளித்தது, ஆனால் அவர் பதவியைத் தொட முடியவில்லை. 2016இல் டிரம்ப் அந்தத் தொகுதியில் முப்பது சதவீதப் புள்ளிக்கு மேல் முன்னிலை பெற்றார். அதே நாளில், அதே மக்கள், பீட்டர்சனையும் ஜெயிக்க வைத்தார்கள். 2020இல் ஆட்டம் முடிந்தது. மிஷெல் ஃபிஷ்பாக் என்ற குடியரசுக் கட்சிக்காரரிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

நம் ஊர் எம்.எல்.ஏ. ஒருவர் பீட்டர்சன் செய்ததில் ஒன்றைச் செய்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1985இல் ராஜீவ் காந்தி ஆட்சி கொண்டுவந்த 52ஆவது திருத்தம் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சிக் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகும். அரியானாவில் கயா லால் 1967இல் பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறியதும், ‘ஆயா ராம், கயா ராம்’ என்று நாடே கேலி செய்ததும் இந்தச் சட்டத்தின் பின்னணி. நோய் உண்மை. ஆனால் மருந்து, தாவுகிற காலோடு, தனியாக யோசிக்கிற தலையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே 2017 இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரியபோது ஓ. பன்னீர்செல்வம் அணியின் 11 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்கள் பதவி போகவில்லை. ஆகஸ்டில் தினகரன் பக்கம் இருந்த எம்.எல்.ஏ.க்கள் முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம்தான் கொடுத்தார்கள். அவர்களில் 18 பேரை செப்டம்பர் 18ஆம் தேதி சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார், உயர் நீதிமன்றமும் அடுத்த ஆண்டு அதை ஏற்றது. வாக்களித்தவர் தப்பினார், கடிதம் கொடுத்தவர் மாட்டினார். இதைப் பார்த்த எந்த எம்.எல்.ஏ.வுக்கு சபையில் தனிக் குரல் கொடுக்கத் தோன்றும்?

அதோடு, நடுவில் நிற்க நம் கட்சிகள் அதிகம் இடம் விடுவதும் இல்லை. விவசாயி விஷயத்தில் இரண்டு கழகங்களும் ஒரே வண்டியின் இரண்டு மாடுகள். சிறு விவசாயிக்கு இலவச மின்சாரம் எம்.ஜி.ஆர். காலம், எல்லா விவசாயிக்கும் என்று 1990இல் விரித்தது கருணாநிதி. ஜெயலலிதா அதை நிறுத்திப் பார்த்தார். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு, புதுச்சேரி சேர்த்து 40 தொகுதியும் கைவிட்டுப் போன சில நாட்களிலேயே திரும்பக் கொடுத்தார். கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியும் அப்படித்தான். 2006இல் தி.மு.க. வந்ததும் தள்ளுபடி. 2016இல் ஜெயலலிதா பதவியேற்ற நாளில் சிறு, குறு விவசாயிகளுக்குத் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்க, பழனிசாமி அறிவித்த தொகை 12,110 கோடி ரூபாய். கொள்கையில் வித்தியாசம் தேடும் விவசாயிக்குக் கிடைப்பது சின்னத்தில் வித்தியாசம்தான். ஆகவே அவர் ஆளைப் பார்க்கிறார்.

ஆள் எங்கே தெரிவார் என்றால், சித்திரை வெயிலில் நெல் கொள்முதல் நிலையத்தில் தெரிவார். காஞ்சிபுரம் பக்கத்தில் சம்பா, நவரை, சொர்ணவாரி என மூன்று பட்டம். நவரை அறுவடையும் சட்டமன்றத் தேர்தலும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வந்து நிற்கும். களத்தில் நெல் குவிந்திருக்கும். மேலே தார்ப்பாய், தார்ப்பாயின் நான்கு மூலையிலும் கல். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் திரும்பக் காயப் போட வேண்டும். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, எடை போட ஆள் இல்லை, மூட்டைக்கு இத்தனை என்று கை நீட்டுகிறார்கள்: காரணம் எதுவானாலும் காவல் காப்பவர் விவசாயி. இரவில் குவியலுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பார், வானத்தில் மின்னல் வெட்டினால் முதலில் எழுவதும் அவர்தான். அந்த நேரத்தில் எம்.எல்.ஏ. போன் எடுக்கிறாரா, எடுத்தால் “எந்தக் கிளை நீங்க?” என்று கேட்கிறாரா, “எத்தனை மூட்டை கிடக்குதுண்ணே?” என்று கேட்கிறாரா? இந்த இரண்டு கேள்விக்கு இடையில்தான் ஆயிரம், இரண்டாயிரம் ஓட்டு கிடக்கிறது.

அடுத்த இடம் ஏரி. உத்திரமேரூர்ப் பெரிய ஏரி பல்லவர் காலத்தது, கல்வெட்டுகளில் அதன் பெயர் வைரமேகத் தடாகம். செய்யாற்றில் அனுமந்தண்டலத்தில் தடுத்துத் திருப்பும் தண்ணீர் அதற்கு உயிர். வரத்துக் கால்வாய் தூர்ந்தால் தி.மு.க. வயலும் காயும், அ.தி.மு.க. வயலும் காயும். மதகுக் கதவு பழுதானால் மனு, கரை உடைந்தால் மனு, கல்குவாரி லாரி சாலையைப் பெயர்த்துப் போட்டால் மனு. எம்.எல்.ஏ. கையில் இருப்பது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. பயணிகள் நிழற்குடை, அங்கன்வாடி, நெற்களம், சிமெண்ட் சாலை என்று பிய்த்துக் கொடுத்தால் ஊருக்கு ஒரு கவளம் வரும். கால்வாய் முழுவதையும் தூர்வார அது காணாது. பெரிய வேலைக்கு அமைச்சர் வீட்டு வாசலுக்கே போக வேண்டும், எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றால் வாசலில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். 2022இல் மு.க. ஸ்டாலின், கட்சி பாராமல் 234 எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கை கேட்டுக் கடிதம் எழுதினார். ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்று அதற்குப் பெயர். நடைமுறை எப்படியோ, எதிரணி எம்.எல்.ஏ.வும் தன் ஊர்ப் பட்டியலைக் கௌரவமாக நீட்ட ஒரு வாசல் திறந்தது.

மூன்றாவது இடம் துக்க வீடு. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் ஒரு மொய்யோடு போகும். சாவுக்குப் போகாவிட்டால் அடுத்த தேர்தல்வரை பேச்சு நிற்கும். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் வீட்டுச் சாவுக்கு மாலையோடு போய்ப் பத்து நிமிடம் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வருகிற எம்.எல்.ஏ., அங்கே ஒரு ஓட்டும் கேட்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, தேர்தல் வந்து, அந்த வீட்டுக்காரர் தன் கட்சிக்கே ஓட்டுப் போடுவார். ஆனால் எம்.எல்.ஏ.வுக்கு எதிராகத் தெருத்தெருவாகச் சுற்ற அவருக்குக் கால் எழாது. நூல் இழைத் தொகுதியில் இதுவும் ஒரு வரவு.

விவசாயி கோபப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியைத் தாண்டிய உதாரணம் இந்தியாவிலேயே இல்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் தங்கள் குறையை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் ஆளுக்கொரு மனுத் தாக்கல் செய்தார்கள். களத்தில் 1,033 வேட்பாளர். வாக்குச்சீட்டு புத்தகம்போல் ஆனது, தேர்தலையே தள்ளிவைத்துத்தான் நடத்த முடிந்தது. அதன்பின் டெபாசிட் தொகையை உயர்த்திச் சட்டம் வந்தது. குறை தீர்ந்ததோ இல்லையோ, குறை சொல்லும் கட்டணம் ஏறியது. அன்று அந்தக் கூட்டத்திலும் பெரிய வித்தியாசத்தில் வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். இருபத்தைந்து ஆண்டு கழித்து, 2021இல் அதே மொடக்குறிச்சியில் பா.ஜ.க.வின் சி. சரஸ்வதியிடம் 281 வாக்கில் தோற்றவரும் அவரே.

உத்திரமேரூரில் பஸ் நிலையம் பக்கத்திலேயே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம். அதன் சுவரில்தான் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி இந்த ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. முப்பது குடும்பு, அதாவது வார்டு. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரிக்கென்றே தனி வாரியம், ஆறு உறுப்பினர். பதவி 360 நாள். மக்களாட்சியின் தொட்டில் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள்: இது பிராமணர் சபை. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும் திறந்த குடம். ஏரியை வெட்டியவன் பெயர் அதில் விழ வழியே இல்லை.

ஆனாலும் மறு தேர்தல் பற்றி அந்தச் சபைக்கு இருந்த கண்டிப்பைப் பார்த்தால் இன்றைய சிட்டிங் எம்.எல்.ஏ.க்களுக்கு வியர்க்கும். முந்திய மூன்று ஆண்டில் வாரியம் செய்தவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கு இடமே கிடையாது. அவரோடு நின்றதா என்றால் இல்லை. சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மகன், மாமன், மாமனார், மருமகன், சகோதரி புருஷன் என்று உறவு முழுவதையும் வரிசையாகத் தள்ளிவைக்கிறது கல்வெட்டு. இந்த ஒரு விதியை இன்று அமலாக்கினால் எத்தனை தொகுதியில் தேர்தல் நடத்த முடியும் என்று யோசித்துக்கொண்டே கோயிலைச் சுற்றலாம். இன்றைய சட்டத்திலும் ஒரு மூன்று ஆண்டு இருக்கிறது. முடிவு வந்த 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாதவரை ஆணையம் மூன்று ஆண்டு தகுதி நீக்கலாம். உறவுக்காரருக்கு விலக்கு.

அந்தச் சபையில் குடத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்கு ஒரு பெயர் உண்டு. மத்தியஸ்தன், நடுவில் நிற்பவன். பிள்ளை எடுத்துத் தரும் ஓலையை அவன் எப்படி வாங்க வேண்டும் என்பதையும் கல்வெட்டு விடவில்லை. ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கை எல்லோருக்கும் தெரியும்படி வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இல்லை என்று சபை பார்த்துக்கொள்ள.

இன்றைய ஓலையின் பெயர் படிவம் 20. எண்ணிக்கை முடிந்தபின் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று வரிசையாக வரும் தாள். வாக்குச்சீட்டுக் காலத்தில், தேவைப்படும் இடத்தில் பல பெட்டிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. ஊர் அடையாளம் மறைந்துவிடும். மின்னணு இயந்திரம் வந்தபின் கலப்பு நின்றது. பல இயந்திரங்களைச் சேர்த்து மொத்தமாக எண்ணிக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் கேட்டது. 2015இல் சட்ட ஆணையமும் வேண்டும் என்றது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே வெற்றி ஊர்வலத்துப் பட்டாசுக் குப்பையைக் கூட்டி அள்ளும் முன்பே, எந்தத் தெரு காலை வாரியது என்ற கணக்கு ஒன்றியச் செயலாளர் கையில் வந்து சேர்ந்துவிடும்.

நாற்பது ஓட்டு குறைந்த ஊரிலிருந்து மதகுக் கதவுக்காக நான்கு பேர் மனுவோடு வருவார்கள். சட்டைப்பையில் பேனா, கையில் ஊராட்சித் தீர்மானத்தின் ஜெராக்ஸ், ஒருவர் தோளில் எதிர்க்கட்சிக் கரை போட்ட துண்டு. எம்.எல்.ஏ. மேசைமேல் சிவப்பு மையால் சுழித்த அந்தத் தாள் கிடக்கிறதா, இழுப்பறைக்குள் போய்விட்டதா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.